வாரத்துக்கு நாலு மணி நேரம்: எந்த ஓப்பன் வேர்ல்ட் கேம் ஒத்துவரும்?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு கேம் விளையாட எப்போது நேரம் கிடைக்கிறது? திங்கள் முதல் வியாழன் வரை ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கொஞ்சம், அதுவும் அமெரிக்காக்காரர்கள் கால் போடாத நாளில். வெள்ளிக்கிழமை என்றால் பாதிப் பேர் மடிவாளாவில் சேலம், மதுரை பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சனிக்கிழமை மதியம் துணி துவைத்து, தூங்கி எழுந்து, மிச்சம் இருந்தால் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாரத்துக்கு நாலு மணி நேரம் தேறும். அதுவும் ஒரே மூச்சில் கிடைக்காது, துண்டு துண்டாகத்தான் வரும்.

இந்த நாலு மணி நேரத்தைக் கொண்டுபோய் டிராகனும் மந்திரவாதியும் உலவும், இஷ்டப்பட்ட திசையில் சுற்றித் திரியக்கூடிய ஒரு பிரம்மாண்ட உலகத்தில் (அதைத்தான் ஓப்பன் வேர்ல்ட் என்கிறார்கள்) கொட்டலாமா? தள்ளுபடி சீசன் வந்தால் ஆபீஸ் கேன்டீனில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். "அண்ணா, விட்சர் ஆஃபர்ல இருக்கு, வாங்கட்டுமா?" என்று டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்பான். விட்சர் 3-இல் முக்கியக் கதை மட்டுமே சுமார் 50 மணி நேரம். வாரம் நாலு மணி நேரம் என்றால் மூன்று மாதம். கிளைக் கதைகளையும் விடாமல் செய்தால் அது இரட்டிப்பாகும். பொங்கலுக்கு ஆரம்பித்தால் ஆடி பிறந்துவிடும்.

ஆனால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை என்பது என் கட்சி. மெகா சீரியல் ஆயிரம் எபிசோடு ஓடுகிறது, நீளம் என்று யாரும் விட்டுவிடவில்லை. நடுவில் இரண்டு வாரம் பார்க்காவிட்டாலும் கதை புரிகிறது, அதனால்தான். சுலபமா கஷ்டமா என்பதும் இரண்டாம் பட்சம், பெரும்பாலான கேம்களில் அதை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். நான் பார்ப்பது இரண்டே விஷயம். போன் அடித்தால் அந்த நொடியே நிறுத்த முடிகிறதா? ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்து திறந்தால், எங்கே நின்றோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பிடிபடுகிறதா? இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை அனுசரித்துப் போகலாம்.

முதலில் ஸ்கைரிம். 2011 நவம்பரில் வந்தது, இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. 2023-லேயே ஆறு கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். நிறுத்துகிற விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கம்ப்யூட்டரில் எஃப்5 பொத்தானை அழுத்தினால் சேவ், சண்டைக்கு நடுவிலும் கூட. மெனுவைத் திறந்தால் உலகமே உறைந்து நிற்கும். டிராகன் வாயைத் திறந்து நெருப்பைக் கக்குகிறது. நீங்கள் மெனுவைத் திறந்து, பையில் இருக்கும் சீஸ் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்து, உயிரை நிரப்பிக்கொண்டு, மெனுவை மூடி, மறுபடி வாளை ஓங்கலாம். இத்தனைக்கும் அந்த நெருப்பு ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது. இதை வைத்து கிண்டல் செய்பவர்கள் நிறைய. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே விளையாடுகிறவருக்கு இது வரப்பிரசாதம்.

திரும்பி வருவதும் சுலபம். திரையின் மேலே திசைகாட்டி, அதில் ஒரு அம்புக்குறி. யார் அனுப்பினார், எதற்காக அந்தக் குகைக்குப் போகிறோம் என்பதெல்லாம் உங்களுக்கு மறந்தாலும் அந்தக் குறி மறக்காது. கதை மறந்தால் பெரிய நஷ்டமும் இல்லை, ஸ்கைரிமின் முக்கியக் கதை அப்படி ஒன்றும் பிரமாதம் கிடையாது. (ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், பரவாயில்லை.) அதன் சுகம் வழியில்தான் இருக்கிறது. வொயிட்ரன் நகரத்துக்கு என்று கிளம்புவீர்கள்; மலைச்சரிவில் ஒரு பாழடைந்த கோபுரம் தெரியும்; எட்டிப் பார்க்கலாமே என்று போனால் உள்ளே ஒரு பிணம், பக்கத்தில் ஒரு டைரி. டைரியைப் படித்ததும் வொயிட்ரன் மறந்துபோகும். ஒரு குகை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடியும். ஒரு வார நாள் ராத்திரிக்கு அது போதும்.

குறை இல்லாமல் இல்லை. வாள் சண்டை காற்றை வெட்டுகிற மாதிரிதான் இருக்கும், அடி விழுந்த உணர்வே வராது. அப்புறம் சுமை. ஆரம்பத்தில் 300 அளவுக்குத்தான் தூக்கலாம். புதிதாக ஆடுகிறவர்கள் கண்ணில் பட்ட கரண்டி, வாளி, தட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்வார்கள். அளவு தாண்டியதும் ஓட முடியாது, போன இடத்துக்கு மேப்பிலிருந்தே தாவும் ஃபாஸ்ட் டிராவலும் நடக்காது. அப்புறம் எதைத் தூக்கிப் போடுவது என்று அரை மணி நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கரண்டியை எடுக்காதீர்கள், அவ்வளவுதான் யோசனை. முதல் நபர் பார்வையில் தலை சுற்றுகிறவர்கள் பாத்திரத்தின் முதுகுப் பக்கப் பார்வைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விட்சர் 3 வேறு ரகம். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015 மே மாதம் வெளியிட்டது. மெனுவைத் திறந்தால் நிற்கும், ஆனால் சண்டைக்கு நடுவில் சேவ் ஆகாது. பேச்சுக் காட்சிகள் நீளம். அரண்மனையில் நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பத்து நிமிடம் ஓடும். ஆக, முதல் கேள்வியில் சுமார்.

இரண்டாவதில் இந்தக் கேம் செய்திருக்கும் ஒரு சின்ன வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சேவ் கோப்பைத் திறந்ததும் லோடிங் திரையில் வெறும் சக்கரம் சுற்றாது. நாயகன் கெரால்ட்டின் பாடகன் நண்பன் டேண்டிலயன், கதை இதுவரை எங்கே வந்து நிற்கிறது என்று நாலு வரியில் சொல்லிவிடுவான். ஒவ்வொரு குவெஸ்டுக்கான (கேம் நமக்குத் தரும் வேலைக்கான) குறிப்பும் அவன் எழுதிய பாணியிலேயே, கொஞ்சம் அலட்டலோடு இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்து திறந்தாலும், கெரால்ட்டின் வளர்ப்பு மகள் சிரியைத் தேடுகிறோம், கடைசியாக இன்னாரைப் பார்த்தோம் என்று பிடிபட்டுவிடும்.

அந்தக் கதைக்காகத்தான் இந்தக் கேமை வாங்க வேண்டும். வெலன் என்ற சதுப்பு நிலத்தில் ப்ளடி பாரன் என்று பெயரெடுத்த ஒரு சிற்றரசன் மாதிரியான ஆள் இருக்கிறான். மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள், தேடிக் கொடு, உனக்கு வேண்டிய தகவலைத் தருகிறேன் என்கிறான். நீங்கள் அந்த வீட்டைத் துழாவுவீர்கள். மனைவியின் அறையில் கைகலப்பு நடந்த தடயங்கள் இருக்கும். அவனிடம் கேட்டால் முதலில் மழுப்புவான். இன்னும் துருவினால், குடித்துவிட்டு வீட்டில் என்னென்ன செய்தான் என்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். அதோடு அவனை வில்லன் என்று முத்திரை குத்திவிட்டு நகரவும் முடியாது, அழுகிற மனுஷனாகவும் அவனைப் பார்க்க வேண்டியிருக்கும். குடிக்கிற அப்பா இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, ராத்திரி அந்த வீட்டுக்குள் அந்தத் தாயும் மகளும் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேய், பிசாசு எல்லாம் இருக்கிற கேமில் கடைசியில் மனதில் நிற்பது இந்தக் குடும்பம்தான்.

இதை இருபது நிமிடத் துண்டுகளாக விளையாடினால் பாழ். அதனால் விட்சரை வார நாட்களில் தொடாதீர்கள், சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கஷ்ட அளவு நாலு இருக்கிறது. ஆகக் கீழே இருப்பது கதை மட்டும் போதும் என்பவர்களுக்கானது. கூச்சப்படாமல் அதைப் போடுங்கள். கீழே உள்ள இரண்டு அளவுகளில் சண்டை முடிந்ததும் உட்கார்ந்து தியானம் செய்தாலே உயிர் நிரம்பிவிடும், மேலே போனால் அந்தச் சலுகை கிடையாது. மேப் முழுக்க, இன்னும் போய்ப் பார்க்காத இடங்களைக் காட்டும் கேள்விக்குறிகள் கிடக்கும், ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் அது இன்னும் மோசம். படகு ஓட்டிப் போய் மிதக்கும் பீப்பாயைத் திறப்பதற்கு உங்களுக்கு நேரம் இல்லை; கண்டுகொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ஹாலில் டிவியில் போட்டு ஆடுகிறவர்கள், ஊரிலிருந்து அம்மா வந்திருக்கும்போது விட்சரை முதன்முதலாகத் திறக்க வேண்டாம். கேம் ஆரம்பிப்பதே ஒரு குளியல் தொட்டிக் காட்சியில்தான். ஐரோப்பிய வயது முத்திரை 18. ஸ்கைரிமுக்கும் அதே 18-தான் என்றாலும் அங்கே விஷயம் ரத்தத்தோடு நின்றுவிடும்.

எல்டன் ரிங் பற்றிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் "கேஷுவல் ஆளுக்கா? ஐயோ, வேண்டாம்" என்பார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். 2022 பிப்ரவரியில் ஃப்ரம்சாஃப்ட்வேர் கொண்டுவந்த இந்தக் கேமில் கஷ்ட அளவை மாற்றும் வசதி இல்லை. குகையிலிருந்து வெளியே வந்து புல்வெளியைப் பார்த்து அசந்து நிற்கும்போதே, தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் வந்து ஒரே வீச்சில் சாய்த்துவிடுவான். ஆனால் அவனோடு மோத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு போகலாம். இந்தக் கேமில் முட்டிக்கொண்ட இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் நாலு நாள் சுற்றி, பலம் ஏற்றிக்கொண்டு வரலாம். துணைக்கு ஆவிகளை அழைக்கலாம், ஆன்லைனில் நண்பனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பிரச்சினை இரண்டு கேள்விகளிலும் இருக்கிறது. மெனுவைத் திறந்தாலும் உலகம் நிற்காது. டெலிவரி பையன் பெல் அடித்தால் நீங்கள் கதவைத் திறப்பீர்கள், உள்ளே உங்களை ஓநாய் தின்றுகொண்டிருக்கும். செத்தால் சேர்த்துவைத்த ரூன் (கேமுக்குள் காசு மாதிரி) எல்லாம் அதே இடத்தில் விழும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அவ்வளவும் போச்சு. குவெஸ்ட் பட்டியல் என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருத்தி ஒருமுறை சொன்னதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். அதையாவது நோட்டில் எழுதிவைக்கலாம். எதிரி வாளை ஓங்கும்போது எந்த நொடியில் உருள வேண்டும் என்பது விரலுக்குப் பழக வேண்டிய விஷயம், இரண்டு வாரம் விட்டால் அது போய்விடும். கதை மறந்தால் ஒருவர் சுருக்கம் சொல்லலாம். விரலுக்கு யார் சொல்வது? தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் உட்கார முடிகிறவருக்கு எல்டன் ரிங் அற்புதம். விட்டு விட்டு ஆடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அடி வாங்குகிற மாதிரி இருக்கும்.

செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்ட் (2017) முறைப்படி ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்து ஆடும் ரகம்) இல்லை, அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறுவது எல்லாம் கிடையாது. இருந்தாலும் இந்தப் பட்டியலில் என் இரண்டு கேள்விகளுக்கும் முழு மார்க் வாங்குவது அதுதான். இது ஓடுகிற, நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியின் பவர் பொத்தானைத் தட்டினால் தூங்கிவிடும். மறுநாள் தட்டினால் அதே பாறையில், அதே கையால் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். மேப் முழுக்க 120 ஆலயங்கள் சிதறிக் கிடக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குள் ஒரு புதிர், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். முதல் மேட்டு நிலத்தை விட்டு இறங்கியதும் நேராகக் கோட்டைக்குப் போய்க் கடைசி எதிரியோடு மோதக்கூட கேம் தடுக்காது. எனவே மறந்துபோக அதிகம் இல்லை. ஆயுதங்கள் பொசுக்கென்று உடைவதும், மழை வந்தால் பாறையில் வழுக்குவதும் எரிச்சல். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் கருவி வேண்டுமே. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ நேஷனல் மார்க்கெட்டிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. கடைக்காரர் தரும் உத்தரவாதம்தான் உத்தரவாதம், பழுதானால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். கேம் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, எங்கே வாங்கியதும் ஓடும். முடித்ததும் விற்றுவிடலாம் என்பதைக் கணக்கில் சேர்த்தால் கேமுக்கான செலவு பயமுறுத்தாது. கருவியின் விலைதான் யோசிக்க வைக்கும். 2019-இல் வந்த திருத்திய ஸ்விட்ச் மாடலில் இந்தக் கேமை ஆடினால் பேட்டரி சுமார் ஐந்தரை மணி நேரம் வரும். சேலம் போய்ச் சேரும்வரை தாங்கும், மதுரை வரை தாங்காது. ஸ்கைரிமும் விட்சரும் கூட ஸ்விட்ச்சில் உண்டு. விட்சரின் படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், பஸ்ஸில் அது தெரியப் போவதில்லை.

"எதுக்கு இவ்வளவு யோசனை, போனிலேயே கென்ஷின் இருக்கே, சும்மாவே கிடைக்குதே" என்பார்கள். 2020 செப்டம்பரில் வந்த கென்ஷின் இம்பாக்ட் பார்க்க மிக அழகு, இறக்குவதற்குக் காசில்லை, ஒரு நாளுக்கான வேலைகள் நாலும் இருபது நிமிடத்தில் முடியும். மேலோட்டமாகப் பார்த்தால் கேஷுவல் ஆளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. எனக்கு இந்தப் பட்டியலிலேயே சந்தேகம் அதன் மேல்தான்.

காரணம் அதில் ரெசின் என்று ஒன்று இருக்கிறது. பாத்திரத்தைப் பலப்படுத்தத் தேவையான பொருட்களை வாங்க அதைச் செலவழிக்க வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200-க்கு மேல் ஊறாது. கணக்குப் போட்டால் 26 மணி 40 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதாவது ஒரு நாள் திறக்காவிட்டால் அதற்கு மேல் ஊறவேண்டியது வீண். யாரும் உங்களைத் திட்டப் போவதில்லை, ஆனால் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்திருக்கும்போது "ரெசின் நிரம்பியிருக்குமே" என்று கை போனைத் தேடும். மற்ற நாலு கேம்களும் நீங்கள் வராவிட்டால் சும்மா கிடக்கும். இது மட்டும்தான் வராததைக் கணக்கு வைக்கிறது.

புதுப் பாத்திரங்கள் குலுக்கலில்தான் வரும். ஒரு குலுக்கலுக்கு 160 ப்ரிமோஜெம் (கேமுக்குள் ஓடும் நாணயம்). ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று 90 குலுக்கலுக்குள் நிச்சயம், ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்ட ஆளாக இருக்கும் என்று முதல் தடவை உத்தரவாதம் இல்லை. 90 குலுக்கல் என்றால் 14,400 ப்ரிமோஜெம். விளையாடிச் சேர்க்கப் பொறுமை இல்லாதவர் காசு கொடுத்து வாங்குவார், சம்பளம் வந்த வாரத்தில் கேட்கவே வேண்டாம். மோன்ட்ஸ்டாட் பகுதியையும் லியுவேயையும் சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் இறக்கி, பணம் செலுத்தும் வழி எதையும் இணைக்காமல் ஆடினால், நல்ல பொழுதுபோக்கு. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும் மனக்கட்டுப்பாடு இருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

பட்டியலில் இல்லாத இரண்டைப் பற்றியும் கேட்பார்கள். டிராகன்ஸ் டாக்மா 2-இல் ஃபாஸ்ட் டிராவல் வேண்டுமென்றே அரிதாக வைக்கப்பட்டிருக்கிறது, நடந்தே தீர வேண்டும். வாரத்துக்கு நாலு மணி நேரம் அதற்குக் காணாது. பால்டர்ஸ் கேட் 3 ஓப்பன் வேர்ல்ட் வகையில் சேராது, ஆனால் முறை வைத்து ஆடும் சண்டை என்பதால் நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எதிரி காத்திருப்பான். படிக்க நிறைய இருக்கும். சொல்லப்போனால் இவை எதிலுமே தமிழ் எழுத்து கிடையாது, எல்லாம் ஆங்கிலத்தில்தான். நாள் முழுக்க ஆங்கில மெயில் படித்துக் கண் சோர்ந்தவருக்கு செல்டாதான் குறைவாகப் படிக்க வைக்கும், விட்சர் நிறையப் படிக்க வைக்கும்.

வீட்டு நிலவரத்தையும் பாருங்கள். பெங்களூரில் ஏப்ரல், மே சாயங்காலம் இடி மழை வந்தால் கரன்ட் போவது சகஜம். டெஸ்க்டாப்பில் யூ.பி.எஸ். இல்லாமல் விட்சர் ஆடினால் கடைசி சேவுக்குப் பின் செய்ததெல்லாம் போகும். லேப்டாப்பில் ஸ்கைரிம் ஆடுகிறவர் நிதானமாக எஃப்5 தட்டிவிட்டு மெழுகுவர்த்தி தேடலாம். கென்ஷினுக்கு இன்டர்நெட் இல்லாமல் நகராது, ரவுட்டர் அணைந்தால் மொபைல் டேட்டாதான். இயந்திர பலத்திலும் வித்தியாசம் உண்டு: ஸ்கைரிமின் ஸ்பெஷல் எடிஷன் 8 ஜிபி ராம், 12 ஜிபி இடத்தோடு திருப்திப்படும், எல்டன் ரிங் குறைந்தது 12 ஜிபி ராமும் 60 ஜிபி இடமும் கேட்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

ஆக, அந்தத் தம்பி மாதிரி வார நாட்களில் அரை மணி, ஒரு மணி என்று மட்டுமே கிடைக்கிறவர் ஸ்கைரிம் வாங்கட்டும். சனிக்கிழமை மதியம் யாரும் தொந்தரவு செய்யாத இரண்டு மூன்று மணி நேரம் உத்தரவாதமாக இருக்கிறவருக்கும், நாவல் படிக்கிற பழக்கம் உள்ளவருக்கும் விட்சர். மாதம் இரண்டு முறை ஊர் பஸ் ஏறுகிறவர், கையில் கொஞ்சம் பணம் இருந்தால், ஸ்விட்ச்சும் செல்டாவும். இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஸ்கைரிமையும் விட்சரையும் சேர்த்து வாங்காதீர்கள், ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் தடுமாறும். ஒன்றை முடித்துவிட்டோ கைவிட்டோ மற்றதுக்குப் போகலாம். இரண்டுமே தள்ளுபடிக்குத் திரும்பத் திரும்ப வருகிறவை, அவசரம் இல்லை. எல்டன் ரிங் அந்த அளவுக்கு இறங்குவதில்லை.

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஸ்கைரிமுக்கும் எல்டன் ரிங்குக்கும் அந்த இரண்டு மணி நேரம் தாராளம். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். விட்சரில் அது போதாது. முதல் பகுதியான வொயிட் ஆர்ச்சர்டையே முடித்திருக்க மாட்டீர்கள், பாரன் வீட்டு வாசலை எட்டியிருக்கவே மாட்டீர்கள். அதனால் அதைப் பெரிய தள்ளுபடியில் மட்டும் வாங்குங்கள். திரும்பத் தர முடியாமல் போனாலும் ஒரு பிரியாணிச் செலவோடு போகட்டும்.